மெத்தை, பொம்மை, தூசி: தீத்தடுப்பு ரசாயனங்களைக் குழந்தையிடமிருந்து விலக்கி வைக்கச் சென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

குழந்தை பிறக்கவிருக்கும் சென்னை வீட்டுக்குப் பொருள்கள் இரண்டு திசைகளிலிருந்து வந்து சேர்கின்றன. ஊரிலிருந்து வரும் பாட்டி தூளி கட்டப் பழைய நூல் புடவைகளையும் இலவம்பஞ்சுத் தலையணையையும் கொண்டுவருவார். தியாகராய நகர்க் கடைகளிலிருந்தும் இணையக் கடைகளிலிருந்தும் நுரை மெத்தை, விளையாட்டு விரிப்பு, ரெக்ஸின் உறை போட்ட சாய்விருக்கை ஆகியவை வரும். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர், தம் குழந்தை பயன்படுத்திய கார் இருக்கையைப் பெட்டியில் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. இந்த இரண்டாவது வரிசைப் பொருள்கள் சிலவற்றில், தீப்பிடிப்பதைத் தாமதப்படுத்துவதற்காகச் சேர்க்கப்பட்ட ரசாயனங்கள் இருக்கக்கூடும். அவற்றைப் பற்றி இதுவரை கேள்விப்பட்டிராதவர்களுக்காக, எங்கே தொடங்குவது, எதை முதலில் செய்வது, எதைப் பற்றிக் கவலைப்படாமல் விட்டுவிடுவது என்பதை வரிசையாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இவை பெரும்பாலும் புரோமின், குளோரின், பாஸ்பரஸ் ஆகிய தனிமங்களைக் கொண்ட கரிமச் சேர்மங்கள். நுரை, பிளாஸ்டிக், துணி ஆகியவற்றில் கலக்கப்படும்போது, இவற்றுள் பல அந்தப் பொருளோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. வெறுமனே உள்ளே தங்கியிருக்கின்றன. பீரோவில் போட்ட அந்துருண்டை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காற்றில் கலப்பதைப் போல, இவையும் ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் படிகின்றன. அந்துருண்டையாவது வாசனையால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இவை அதுவும் செய்வதில்லை. தரையில் தவழ்ந்து, கையை ஓயாமல் வாயில் வைக்கும் வயதில் உள்ள குழந்தையின் உடலுக்குள் அந்தத் தூசி பெரியவர்களைவிட அதிகமாகச் செல்கிறது. அமெரிக்காவில் தாய்மார்களையும் அவர்களுடைய சிறு குழந்தைகளையும் ஒன்றாகச் சோதித்தபோது, குழந்தைகளின் இரத்தத்தில் இருந்த அளவு தாயிடம் இருந்ததைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. பி.பி.டி.இ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் புரோமின் வகைச் சேர்மங்கள் தைராய்டு ஹார்மோனின் செயலைக் குலைக்கின்றன என்பதும், கருவில் இருக்கும்போது அவற்றின் பாதிப்புக்கு அதிகம் உள்ளான குழந்தைகளிடம் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) சற்றுக் குறைவாகக் காணப்படுகிறது என்பதும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்துள்ளன. இது ஒரே நாளில் நேரும் நஞ்சேற்றம் அன்று, ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்வது. ஆகையால் இன்றிரவே மெத்தையைத் தெருவில் எறிய வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இது எப்படி நம் வீட்டுக்கு வந்தது

கதையின் பெரும்பகுதி கலிஃபோர்னியாவில் நடந்தது. அந்த மாநிலம் 1975-இல் கொண்டுவந்த டி.பி. 117 என்ற விதி, சோபாவிலும் இருக்கைகளிலும் அடைக்கப்படும் நுரை 12 விநாடி நேரம் சிறு சுடரைத் தாங்க வேண்டும் என்று கோரியது. பாலியூரித்தேன் நுரை தானாக அதைத் தாங்காது என்பதால் உற்பத்தியாளர்கள் ரசாயனம் கலந்தார்கள். ஒரு மாநிலத்துக்கென்று தனியாகத் தயாரிப்பது கட்டுபடியாகாததால், பிற மாநிலங்களுக்கும் அதே நுரையை விற்றார்கள். உண்மையில் சோபா எரியும்போது முதலில் தீப்பிடிப்பது மேலுறைதான். உறை எரிந்து எழும் பெருஞ்சுடருக்கு முன்னால், உள்ளே இருக்கும் நுரை 12 விநாடி தாங்கியதால் ஒரு பயனும் இல்லை. புரோமினும் குளோரினும் கொண்ட நுரை எரியும்போது புகையும் நச்சு வாயுக்களும் கூடின என்பதுதான் மிச்சம். விதி திருத்தப்பட்டு, உறைத்துணி கனன்று எரிவதைச் சோதிக்கும் டி.பி. 117-2013 என்ற புதிய முறை 2015 ஜனவரி முதல் கட்டாயமானது. அதற்குள் நாற்பது ஆண்டுகள் போய்விட்டன.

எச்சரிக்கை மட்டும் முன்பே கிடைத்திருந்தது. ஆர்லீன் பிளம், புரூஸ் ஏம்ஸ் என்ற இரு அறிவியலாளர்கள், குழந்தைகளின் இரவு உடைகளில் சேர்க்கப்பட்ட ட்ரிஸ் என்ற புரோமின் சேர்மம் மரபணு மாற்றத்தை உண்டாக்குகிறது என்று 1977-இல் எழுதினார்கள். அதே ஆண்டில் அமெரிக்கா அந்த உடைகளைத் தடை செய்தது. ஆனால் அதன் நெருங்கிய உறவான குளோரின் ட்ரிஸ், பின்னாளில் நுரையில் வந்து குடியேறியது. ஒன்றை விலக்கினால் அதன் தம்பி வந்து அதே திண்ணையில் உட்கார்ந்துகொள்ளும் இந்தப் பழக்கத்தை நினைவில் வையுங்கள். கடைசிப் படியில் இது தேவைப்படும்.

நம் நாட்டுச் சட்டம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை

நிலைத்து நிற்கும் கரிம மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006-இல் ஏற்றது. அந்த உடன்படிக்கை பென்டா, ஆக்டா வகை பி.பி.டி.இ.களை 2009-இலும், எச்.பி.சி.டி. என்ற சேர்மத்தை 2013-இலும், டெக்கா வகையை 2017-இலும் தன் பட்டியலில் சேர்த்தது. இந்திய அரசு 2018-இல் வெளியிட்ட விதிகள் ஏழு ரசாயனங்களின் உற்பத்தி, வணிகம், பயன்பாடு, இறக்குமதி, ஏற்றுமதி ஆகியவற்றைத் தடை செய்தன. மேற்சொன்ன பென்டா, ஆக்டா வகைகளும் எச்.பி.சி.டி.யும் அவற்றுள் அடங்கும். மின்னணுப் பொருள்களைப் பொறுத்தவரை, மின்கழிவு மேலாண்மை விதிகள் பி.பி.டி.இ. அளவை எடையில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை.

பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இங்கேதான் பெரும்பாலான பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள். அந்த முத்திரைக்கு அடிப்படையான ஐ.எஸ். 9873 தரம், கூர்முனை, உடைந்து விழும் சிறு துண்டு, ஈயம் போன்ற தனிமங்கள், பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட்டுகள் ஆகியவற்றைச் சோதிக்கிறது. அதில் தீப்பற்றும் தன்மைக்கும் ஒரு பகுதி உண்டு. ஆனால் அந்தப் பகுதி தீ எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்றுதான் பார்க்கிறதே தவிர, பரவாமல் இருக்க என்ன கலந்திருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. ஆகவே முத்திரை இல்லாத பொம்மையை வாங்காதீர்கள்; முத்திரை இருப்பதாலேயே இந்த ரசாயனங்கள் இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். முத்திரையோடு அச்சிட்டிருக்கும் உரிம எண் உண்மையானதா என்பதை பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இன்னொரு செய்தியும் உண்டு. சோபா, நாற்காலி போன்றவை தீப்பற்றாமல் இருக்க வேண்டும் என்ற இந்தியத் தரம், வீட்டுப் பயன்பாட்டுக்கு அல்லாத அறைகலன்களுக்கு உரியது. வீட்டுக்கென்று செய்யும் சோபாவில் இந்த ரசாயனத்தைச் சேர்க்க உற்பத்தியாளரைச் சட்டம் வற்புறுத்தவில்லை என்பது நமக்கு நல்ல செய்திதான். ஆனால் மூடப்பட்ட அலுவலகங்களிலிருந்து ஏலத்தில் எடுத்து மலிவாக விற்கப்படும் சோபாவும் சுழல் நாற்காலியும் நம் கூடத்துக்கு வரும்போது, அந்த நல்ல செய்தி பொருந்தாமல் போகிறது. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் படி: வீட்டில் உள்ள நுரையை எண்ணுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாளும் பேனாவுமாக வீட்டைச் சுற்றி வந்து, நுரை அடைத்த பொருள்கள் அனைத்தையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று குறிப்புகள் போதும்: எந்த ஆண்டு வாங்கியது, எந்த நாட்டிலிருந்து வந்தது, உறை கிழிந்து நுரை வெளியே தெரிகிறதா. உறை முழுமையாக இருக்கும் உள்நாட்டு மெத்தை இந்தப் பட்டியலில் கடைசியில் வரும். உறை கிழிந்து, விரல் பட்டாலே மாவு போல உதிரும் பழைய நுரைதான் முதலில் வெளியேற வேண்டியது. கிழிந்த உறைக்கு மேல் வேறொரு துணியைப் போர்த்துவது தீர்வாகாது. உதிர்ந்த தூள் துணியைத் தாண்டியும் வெளிவரும்.

அமெரிக்காவிலிருந்து வந்த பொருளாக இருந்தால் அடிப்பக்கத்தில் தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். டி.பி. 117 என்று மட்டும் இருந்து, அதை ஒட்டி 2013 என்ற எண் இல்லையென்றால், அது பழைய விதிப்படி செய்யப்பட்டது. நுரையில் ரசாயனம் இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். 2015-க்குப் பிந்தைய கலிஃபோர்னியச் சோபாச் சீட்டுகளில், தீத்தடுப்பு ரசாயனம் சேர்க்கப்பட்டுள்ளது, சேர்க்கப்படவில்லை என்ற இரண்டு வரிகளில் ஒன்றுக்கு எதிரே பெருக்கல் குறி இட்டிருப்பார்கள்.

கார் இருக்கையை மட்டும் வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். விபத்திலிருந்து அது தரும் பாதுகாப்பு, ரசாயனத்தால் வரக்கூடிய தீங்கைவிடப் பன்மடங்கு பெரியது. ஆகவே அதைத் தூக்கிப் போடாதீர்கள். காரில் மட்டும் பயன்படுத்துங்கள். தூங்கிவிட்ட குழந்தையை இருக்கையோடு தூக்கிவந்து கூடத்தில் வைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். கார்களின் சொந்த இருக்கை நுரையிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்காவில் 101 கார்களை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ எல்லாக் கார்களின் உட்காற்றிலும் டி.சி.ஐ.பி.பி. என்ற தீத்தடுப்பு ரசாயனத்தைக் கண்டது; கோடைக் காலத்தில் அதன் அளவு பல மடங்காக உயர்ந்தது. அங்கத்திய கோடைக்கே அப்படியென்றால், கத்திரி வெயிலில் நிறுத்தி வைத்த காருக்குள் குழந்தையை ஏற்றுவதற்கு முன் நான்கு கதவுகளையும் சில நிமிடம் திறந்து வைப்பது எவ்வளவு அவசியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் படி: புதிதாக வாங்கும்போது கேட்க வேண்டியவை

கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ தொட்டோ இந்த ரசாயனங்களைக் கண்டுபிடிக்க இயலாது. கேட்டுத்தான் ஆக வேண்டும். கடைக்காரரிடம், “இந்த நுரையில் தீத்தடுப்பு ரசாயனம் எதுவும் சேர்த்திருக்கிறார்களா?” என்று நான் கேட்டபோதெல்லாம், “ஃபயர் ப்ரூஃப் சார், ஒண்ணும் ஆகாது, தைரியமா வாங்கிட்டுப் போங்க” என்ற பதிலே வந்திருக்கிறது. அவர் விற்பனைச் சிறப்பாகச் சொல்வதுதான் நாம் தேடும் எச்சரிக்கை என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனும் இல்லை. உற்பத்தி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். “பாதுகாப்பானதா?” என்று கேட்டால் “ஆம்” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். “இந்த மாதிரி எண் கொண்ட பொருளின் நுரையிலோ துணியிலோ பிளாஸ்டிக்கிலோ புரோமின், குளோரின், ஆர்கனோபாஸ்பரஸ் வகைத் தீத்தடுப்பு ரசாயனங்கள் சேர்க்கப்பட்டுள்ளனவா? ஆமெனில் அவை எவை?” என்று குறிப்பாகக் கேளுங்கள்.

பதில் வரும்வரை காத்திருக்க விருப்பமில்லையென்றால், கேள்வியே எழாத பொருள்கள் நம்மிடம் இருக்கின்றன. இலவம்பஞ்சு மெத்தை, ரப்பர் பூசிய தென்னைநார் மெத்தை, கோரைப் பாய், நூல் புடவைத் தூளி ஆகியவற்றுக்குத் தீத்தடுப்பு ரசாயனம் தேவைப்படுவதில்லை. இலவம்பஞ்சைப் பரிந்துரைக்கும்போது ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: கைக்குழந்தை படுக்கும் இடம் இறுக்கமாக இருக்க வேண்டும், முகம் புதையும் அளவுக்கு மென்மையாக இருக்கக் கூடாது. ஆகவே பஞ்சை நெருக்கமாக அடைத்துத் தைக்கச் சொல்லுங்கள். முதல் ஆண்டில் தலையணையே வேண்டாம். ரெக்ஸின் விரிப்புகளைப் பொறுத்தவரை, மென்மையான பி.வி.சி.யில், தீத்தடுப்பாகவும் பயன்படும் குளோரின் ஏற்றிய பாரஃபின்கள் கலக்கப்படுவதுண்டு. குறுஞ்சங்கிலி வகை 2017-இலும் நடுச்சங்கிலி வகை 2025-இலும் ஸ்டாக்ஹோம் பட்டியலில் சேர்ந்தன. குழந்தைக்குக் கீழே விரிக்க ரெக்ஸினைவிடப் பருத்தித் துணியே மேல்.

ரசாயனம் வேண்டாம் என்பவர்களுக்குத் தீயைப் பற்றிய கவலை கூடுதலாகவே இருக்க வேண்டும். இலவம்பஞ்சு எளிதில் பற்றும். கொசுவர்த்திச் சுருளைக் கட்டிலுக்குக் கீழே வைப்பது, கைப்பேசியை மெத்தைமேல் போட்டு இரவெல்லாம் சார்ஜ் ஏற்றுவது, ஒரே நீட்டிப்புப் பெட்டியில் நான்கு கருவிகளைச் செருகுவது ஆகிய மூன்றையும் நிறுத்துங்கள். புகை உணரும் அலாரம் ஒன்றைக் கூரையில் பொருத்துங்கள். தீபாவளியன்று நைலான் பாவாடை வேண்டாம், பருத்தி உடையைப் போடு என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறோமே, அதுதான் இதற்கும் அடிப்படை. உருகித் தோலில் ஒட்டாத துணியைத் தேர்ந்தெடுப்பதும், நெருப்பைத் தள்ளி வைப்பதும் எந்த ரசாயனமும் தராத பாதுகாப்பைத் தருகின்றன.

மூன்றாம் படி: கறுப்புப் பிளாஸ்டிக்

பழைய தொலைக்காட்சிப் பெட்டி, கணினி ஆகியவற்றின் உறைகளில் டெக்கா, ஆக்டா வகை ரசாயனங்கள் நிறைய இருந்தன. அந்த உறைகளை நொறுக்கி உருக்கி மறுசுழற்சி செய்யும்போது ரசாயனமும் கூடவே பயணப்படுகிறது. பல வண்ணக் கழிவுகளைச் சேர்த்து உருக்கினால் நிறத்தை மறைக்கக் கறுப்புச் சாயம்தான் வசதி என்பதால், அது கறுப்புப் பொருளாக மறுபிறவி எடுக்கிறது. 26 நாடுகளில் வாங்கிய, ரூபிக் கியூப் போன்ற கனசதுரப் புதிர்களையும் பிற பிளாஸ்டிக் பொருள்களையும் சோதித்து 2017-இல் வெளியிட்ட அறிக்கையில், பெரும்பாலானவற்றில் இந்த ரசாயனங்கள் இருந்ததாக ஐபென் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு தெரிவித்தது. பாரிமுனையின் மொத்தக் கடைகளிலோ நடைபாதையிலோ, பெயரும் முத்திரையும் இல்லாமல் குவித்திருக்கும் கறுப்பு நிறக் கெட்டிப் பிளாஸ்டிக் பொம்மைகளைத் தவிர்த்துவிடுங்கள். மரச் சொப்பு, மரப்பாச்சி, துணி பொம்மை ஆகியவை அந்த இடத்தை நன்றாகவே நிரப்பும்.

சமையலறையின் கறுப்புக் கரண்டி பற்றியும் கேட்பீர்கள். 2024-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று அதைப் பெரும் அச்சமாக்கியது. பிறகு பார்த்தால், பாதுகாப்பு வரம்பைக் கணக்கிட்டதில் ஒரு பூஜ்ஜியம் விடுபட்டு, 4,20,000 நானோகிராம் என்று இருக்க வேண்டியது 42,000 ஆகிவிட்டிருந்தது. ஆபத்து அவர்கள் சொன்னதில் பத்தில் ஒரு பங்குதான். எவர்சில்வர் கரண்டி கைவசம் இருக்கும்போது கறுப்புக் கரண்டி எதற்கு என்பது வேறு விஷயம்; ஆனால் தூக்கம் இழக்க வேண்டிய விஷயமன்று.

நான்காம் படி: தூசி

செலவில்லாமல் இன்றே தொடங்கக்கூடியது இதுதான். துடைப்பத்தால் உலர்ந்த தரையைப் பெருக்கும்போது நுண்தூசி எழும்பி மறுபடியும் அமர்கிறது; ஈரத் துணியால் துடைத்தால் துணியோடு போய்விடுகிறது. குழந்தை தவழும் அறையை நாள்தோறும், கட்டிலுக்கு அடிப்பகுதி, தொலைக்காட்சியின் பின்புறம், மின்விசிறி இறக்கை ஆகியவற்றை வாரம் ஒருமுறையும் ஈரத் துணியால் துடையுங்கள். சாப்பிடுவதற்கு முன் குழந்தையின் கையையும் ஊட்டுபவரின் கையையும் சோப்பால் கழுவுங்கள். அமெரிக்கத் தாய்மார்கள் சிலரை ஒரு வாரம் வீட்டைக் கூடுதலாகத் துடைக்கவோ கைகளை அடிக்கடி கழுவவோ சொல்லி, 2019-இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு, அந்த ஒரு வாரத்திலேயே அவர்களுடைய சிறுநீரில் சில ரசாயனங்களின் அளவு கணிசமாகக் குறைந்ததைக் காட்டியது.

ஐந்தாம் படி: பழையதைக் கழிப்பது

போகி அன்று பழைய மெத்தையையும் டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்க வேண்டாம் என்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. புரோமின் கலந்த நுரையும் பிளாஸ்டிக்கும் திறந்த வெளியில் எரிந்தால், டையாக்சின் குடும்பத்தைச் சேர்ந்த கொடிய நச்சுகள் உருவாகின்றன. வீட்டுக்குள் மெல்லக் கசிந்தது தெரு முழுவதும் ஒரே காலையில் பரவுகிறது. பழைய மெத்தை, சோபா போன்ற பருமனான பொருள்களை அகற்றுவது பற்றி மாநகராட்சியின் 1913 எண்ணில் கேளுங்கள். பழைய தொலைக்காட்சியையும் கணினியையும் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடமோ, பழையதைத் திரும்பப் பெறும் உற்பத்தி நிறுவனத்திடமோ ஒப்படையுங்கள். எடைக்குப் போட்டால் கூடுதலாக நூறு ரூபாய் கிடைக்கலாம், ஆனால் அதை உடைத்துக் கம்பியை எரித்துச் செம்பு பிரிக்கும் மனிதரின் நுரையீரலுக்கும், மேலே சொன்ன கறுப்புப் பொம்மைக்கும் அந்த உறை போய்ச் சேரும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. நகரக் குப்பைக் கிடங்கின் அருகே வசித்த தாய்மார்களின் தாய்ப்பாலில் பி.பி.டி.இ. அளவு இந்தியாவின் பிற இடங்களைவிடக் கூடுதலாக இருந்ததை 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பாலூட்டுவதை நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலின் நன்மை இந்தத் தீங்கைவிட மிகப் பெரியது என்பதில் மருத்துவ உலகத்துக்கு ஐயம் இல்லை.

ஆறாம் படி: சட்டத்தை நோக்கிக் கேட்பது

தனி வீடுகளில் செய்யக்கூடியது இவ்வளவுதான். எந்தச் சீட்டிலும் எழுதப்படாத ஒன்றைத் தவிர்க்கச் சொல்லி ஒரு தாயிடம் பொறுப்பைச் சுமத்துவது நியாயமாகாது. விற்பவர்தான் எழுத வேண்டும், அரசுதான் எழுதவைக்க வேண்டும். கேட்க வேண்டியவற்றுள் முதலாவது, குழந்தைப் பொருள்கள், மெத்தை, சோபா ஆகியவற்றில் தீத்தடுப்பு ரசாயனம் உண்டா இல்லையா என்ற கட்டாய அறிவிப்பு. இரண்டாவது, ஒவ்வொரு ரசாயனமாகத் தடை செய்து அதன் தம்பிக்கு இடம் கொடுப்பதற்குப் பதிலாக, புரோமின், குளோரின் கொண்ட கரிமத் தீத்தடுப்புச் சேர்மங்கள் அனைத்தையும் ஒரே வகையாக விலக்குவது. இது நடக்காத காரியம் என்று தொழில்துறை சொல்லும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் மின்னணுத் திரைகளின் உறையிலும் தாங்கியிலும் இந்த வகை முழுவதையும் தடை செய்துவிட்டது. கலிஃபோர்னியாவும் 2020 முதல் குழந்தைப் பொருள்கள், மெத்தை நுரை, சோபா ஆகியவற்றில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. மூன்றாவது, மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் பொம்மை செய்வதற்கு முன் புரோமின் சோதனை.

பொம்மைத் தரத்தைத் திருத்தக் கோரும் கடிதத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கு அனுப்ப வேண்டும். அதன் தென்மண்டல அலுவலகம் தரமணியில் இருக்கிறது. ரசாயனத் தடை தொடர்பான கோரிக்கை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உரியது. அந்த அமைச்சகம் ஒரு விதியின் வரைவை அரசிதழில் வெளியிட்டால், கருத்தும் ஆட்சேபமும் தெரிவிக்க வழக்கமாக 60 நாள்கள் தரும். ஆங்கிலத்தில் எழுத வராது என்று தயங்காமல் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். கூட்டாகச் செயல்பட விரும்பினால், 1985 முதல் சென்னையில் நுகர்வோர் உரிமைக்காகவும் சுற்றுச்சூழலுக்காகவும் இயங்கிவரும் சி.ஏ.ஜி. (CAG) என்ற குடிமக்கள் குழுவைப் போன்ற அமைப்புகளை அணுகலாம்.

இரண்டாம் படியில் நிறுவனங்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களைத் தேதியோடு ஒரு கோப்பில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்தவற்றை ஒரு பக்கமும் வராதவற்றை ஒரு பக்கமும் பிரித்து, வரைவு வெளியாகும் நாளில் உங்கள் கடிதத்துக்கு இணைப்பாக அந்தக் கோப்பையே அனுப்பிவிடலாம்.